சீர்த் தட்டில் வந்த படம்

“...அழுகாச்சி படம் ஆவாது, அடிதடி படம் ஆவாது, பேயி பிசாசுன்னு பேரே எடுக்கக் கூடாது. பாத்துட்டுத்தான் இந்தத் தட்ட நான் தொடுவேன். அது வரைக்கும் வாசப்படியிலயே இருக்கட்டும்” என்றார் என் பெரிய நாத்தனார்.

தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள் கொத்து, கண்ணாடி வளையல் எல்லாம் இருந்தன. நடுவில் மூன்று வீடியோ கேசட். மூன்றுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தான் என் அண்ணன். புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கு சீர்த் தட்டில் வந்த முதல் சினிமா அதுதான்.

காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருவது எல்லா ஊரிலும் உள்ளது. என் மாமனார் வீட்டில் அதில் ஒரு முடிச்சு போட்டு வைத்திருந்தார்கள். மாமன் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பிள்ளைக்கு அத்தை முறையானவள் வந்து தன் கையால் தூக்கி உள்ளே கொண்டு போனால்தான் சீர் வந்ததாக அர்த்தம். அத்தை தூக்காத தட்டை மாமன் பொழுது சாய்வதற்குள் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம். போனவன் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டான். எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த அண்ணன் ஒருத்தன்தான். அவனும் மலையை விட்டு இறங்கி, கண்ணமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

என் மூத்த மகள் காதுகுத்துக்கு அவன் கொண்டுவந்த சீர் கொஞ்சம் மெலிவுதான். அன்றைக்கு நாத்தனார் தட்டைத் தூக்கிக்கொண்டே, “லேசாத்தான் கீது. தூக்கறவளுக்கு இடுப்பு வலிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வாங்கியாந்திருக்காரு கண்ணமங்கலத்தாரு” என்றார். பந்தலே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பை அவன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போய் வருஷக்கணக்கில் ஊறுகாய் போட்டு வைத்திருந்தான். இளையவள் காதுகுத்து என்று சொல்லி அனுப்பியதும், “இந்த வாட்டி மலையில எவனும் பாக்காத சீரு. புள்ளைங்க பாக்கறதுக்கு வூட்டுக்கே சினிமா” என்று ஆள் மூலம் பதில் அனுப்பினான்.

சொன்னபடியே வந்தான். வேலூர், திருப்பத்தூர் என்று பஸ் மாறி மாறி, டி.வி.யைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேலே ஏறும் ஜீப்பில் கேசட் ஓட்டும் டெக்கைக் காலிடுக்கில் இடுக்கிக்கொண்டு. இறங்கும்போது பிள்ளை பெற்று எழுந்தவள் போல முதுகைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். டி.வி.யும் டெக்கும் வாடகைச் சாமான், சீரில் சேராது. அதனால் அவை இரண்டும் தடையில்லாமல் வீட்டுக்குள் போய்விட்டன. வாசலில் மாட்டிக்கொண்டது விலைக்கு வாங்கி மஞ்சள் பூசிய கேசட்டுகள்தான்.

நாத்தனார் வீம்புக்கு மறிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அவருடைய கடைசிப் பையனுக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். போன திருவிழாவில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டிய படத்தில் பாடையில் கிடந்த பொணம் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து பட்டப்பகலில் ஒன்றுக்குப் போவதற்குக்கூட அம்மா கூடவே போக வேண்டும். மந்திரித்தாயிற்று, இடுப்பில் கயிறு கட்டியாயிற்று. பையன் பயத்தைக் கயிற்றோடு சேர்த்தே கட்டிக்கொண்டான். “இன்னொரு வாட்டி எம்புள்ள மிரண்டான்னா, அப்பறம் எந்தம்பி வூடுன்னு இந்தப் பக்கம் வர மாட்டேன்” என்று என்னிடம் சமையல் கொட்டகையில் வைத்துச் சொல்லியிருந்தார். படம் ஓடிப் பையன் மிரண்டால் அவர் போய்விடுவாரோ, தட்டை எடுக்காவிட்டால் அண்ணன் போய்விடுவானோ என்று நான் சமையல் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல, “மாடு ரெண்டும் முட்டிக்கும்போது முளைக்குச்சி பேசலாமா” என்று சொல்லிவிட்டு கிடாய் உரிக்கிற பக்கம் போய்விட்டார்.

காது குத்தி, கிடாய் வெட்டி, சாமைச் சோறும் கறியும் எல்லாரும் தின்று கை கழுவிய பிறகு விசாரணை ஆரம்பித்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நாத்தனார், நடுவில் தட்டு.

“மொதல்ல இது இன்னா படம்?”

“சாமி படங்க்கா. புள்ளைங்களுக்கு பக்தி வரும்.”

“கெடா வெட்டித் தின்ன வாயோட சாமி படமா? ஏன் கண்ணமங்கலத்தாரே, அங்க சாமியெல்லாம் கறிக்கொழம்பு வாசன புடிச்சிக்கினுதான் தரிசனம் குடுக்குதா?”

பந்தலில் இருந்தவர்கள் தங்கள் கையை மோந்து பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேசட் கதை அதோடு முடிந்தது.

“இது யானப் படம். யான கொழந்தையத் தூக்கிக்கினு போயி காப்பாத்தும்.”

“யான சாவுதா?”

அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் தலையைச் சொறிந்து, “செத்துரும்னுதான் கடைக்காரன் சொன்னான். ஆனா கடைசிலதான்” என்றான்.

“கடைசியில செத்தா சாவு இல்லையா?”

மூன்றாவது கேசட்டின் மேலட்டையில் ஒரு சின்னப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். பையன் சிரிக்கிறான் என்பதைத் தவிர அண்ணனிடம் அதைப் பற்றி வேறு சாட்சி இல்லை. கடையில் எப்படித் தேர்ந்தெடுத்தான் என்று நான் பிறகு கேட்டேன். குழந்தைகள் பார்க்கிற படம் கொடு என்று இவன் கேட்டிருக்கிறான். கடைக்காரன் அலமாரியின் கீழ்த்தட்டில் தூசி தட்டி, “பெரியவங்க யாரும் எடுத்துக்கினு போவாத படமெல்லாம் இங்கதான் கீது. அப்பறம் இது கொழந்தைங்க படம் இல்லாம இன்னா?” என்று கொடுத்திருக்கிறான். எனக்கு அந்த வாக்கியம் பிடித்துவிட்டது. பெரியவர்களுக்கு ஆகாததையெல்லாம் குழந்தைகளுக்கென்று ஒதுக்கி வைக்கிற வழக்கம் சினிமாவில் மட்டுமா இருக்கிறது.

நாத்தனார் யோசித்தார். “பலாப்பழத்த மேல தட்டிப் பாத்து வாங்குனா ஏமாந்துதான் போவணும். ஒரு சொளை தின்னு பாக்கணும். இதக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க. புள்ளைங்களுக்கு ஆவுமான்னு நாங்க பெரியவங்க பாத்து சொல்றோம்” என்றார்.

நியாயமான பேச்சு. பிள்ளைகளை வெளியே விரட்டினோம். டி.வி. வெளிச்சத்துக்கு ஆகாது என்று கதவைச் சாத்தினோம். ஒரு சுளை ருசி பார்க்கத்தான் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் அவ்வளவு பேர் உட்கார முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள், பந்தல் போட வந்தவர்கள், கிடாய் உரித்தவர் கத்தியைக்கூடக் கழுவாமல், எல்லாரும் குழந்தைகள் நலனுக்காக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் முளைக்குச்சி வேலையை விட்டுவிட்டு மூலையில் இடம் பிடித்தார்.

படத்தில் முதல் பாட்டு முடிவதற்குள் அந்தப் பையனின் அம்மாக்காரி தண்ணீர்க் குடத்தோடு கிணற்றடியில் செத்துச் சாய்ந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பழம் சொத்தை என்று தெரிந்துவிட்டதே. நான் நாத்தனார் முகத்தைப் பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “இரு, பையன் கதி இன்னா ஆவுதுன்னு பாக்கலாம். பாதியில சொன்னா பாவம்” என்றார்.

பையன் கதி மோசமாகத்தான் ஆயிற்று. சித்தி வந்தாள். கரண்டிக் காம்பு வந்தது. சித்தி ஒரு அடி அடித்தால் வீட்டுக்குள் பத்துப் பேர் மூக்குச் சிந்தினார்கள். கரண்ட் மங்கிப் படம் சுருங்கினால், “அய்யோ, அந்தப் புள்ள இளைச்சிப் போச்சே” என்று பக்கத்து வீட்டுக்காரி அதற்கும் அழுதாள்.

வெளியிலிருந்து பிள்ளைகள் கதவைத் தட்டின. “யம்மா, எங்களுக்கும் காட்டுங்க.”

“கம்முனு இருங்கடா. உங்களுக்கோசரம்தான பாத்துக்கினு கீறோம்” என்றார் நாத்தனார், கண்ணைத் துடைத்தபடி.

கடைசி வரைக்கும் பார்த்தோம். முடிந்ததும் நாத்தனார் மூக்கை உறிஞ்சி, தொண்டையைச் செருமி, தீர்ப்புச் சொன்னார். “இத புள்ளைங்க பாத்தா ஒரு வாரம் சோறு எறங்காது. ஆவாது.”

அண்ணன் வாய்ச்சண்டைக்காரன் இல்லை. ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தான். “சரிம்மா, தங்கச்சி. பொழுது எறங்கறதுக்குள்ள தட்ட எடுத்துக்கினு நான் கெளம்பறேன். கடைசி ஜீப்பு போய்ட்டா பேஜாராயிரும்” என்றான். நான் வாயைத் திறந்தால் பேச்சு யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும் என்று பயந்து, காபி வைக்கட்டுமா என்று கேட்டேன். கையாலாகாதவள் கேட்கிற கேள்வி அது.

கேசட்டைச் சுற்றாமல் வைத்தால் நாடா கெட்டுவிடும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தானாம். அண்ணன் பின்னால் சுற்றுகிற பட்டனை அழுத்தினான். மனசு எங்கேயோ இருந்ததோ என்னவோ, படத்தை நிறுத்தாமலேயே அழுத்திவிட்டான். கோடு கோடாக, சத்தமில்லாமல், படம் பின்னால் ஓட ஆரம்பித்தது. அதே நேரம், யாரோ எழுந்து கதவைத் திறக்க, பிள்ளைகள் நெல்மூட்டை அவிழ்ந்த மாதிரி உள்ளே கொட்டின.

டி.வி.யில் சித்தியின் கரண்டிக் காம்பு பையன் முதுகிலிருந்து எகிறி அவள் கைக்குத் திரும்பியது. சித்தி பின்னாலேயே நடந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பையன் கன்னத்தில் இருந்த கண்ணீர் மேலே ஏறிக் கண்ணுக்குள் போயிற்று. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கூரை ஓலையிலிருந்து தூசி விழுந்தது. பிறகு கிணற்றடி வந்தது. செத்துக் கிடந்த அம்மாக்காரி எழுந்துகொண்டிருந்தாள்.

திருவிழாவில் நாத்தனார் பையன் மிரண்டதும் இதற்குத்தான். படுத்த பொணம் எழுந்திருக்கிறது. நாத்தனார் மகனின் கண்ணைப் பொத்தப் பாய்ந்தார். குறுக்கே உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவர் கை எட்டவில்லை.

அவர் பையன் கண் கொட்டாமல் பார்த்தான். தரையில் சிந்திய தண்ணீரெல்லாம் ஓடி வந்து குடத்துக்குள் ஏறியது. குடம் இடுப்பில் ஏறியது. அம்மாக்காரி பின்னாலேயே நடந்து, பின்னாலேயே சிரித்து, வீட்டுக்குள் போனாள்.

“மறுக்கா” என்றான் பையன்.

அண்ணன் முன்னால் ஓட்டி மறுபடி பின்னால் ஓட்டினான். பையன் நகர்ந்து நகர்ந்து டெக்குக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டான். என் பெண்களைப் பார்த்துப் பழகி அவனும் என் அண்ணனை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

“மாமா, அன்னிக்கி திருவிழாவுல வந்துச்சே, பொணம். அதையும் இப்டிப் பின்னால போவ வெக்கலாமா?”

“வெக்கலாம்டா. அது எழுந்து உக்காந்துச்சில்ல, திரும்பப் படுத்துக்கும். தூக்கியாந்தவங்க பாடையோட பின்னாலயே போய்ருவாங்க. இந்தப் பட்டனுதான். நீயே அமுக்கிப் பாரு.”

பையன் அமுக்கினான். அம்மாக்காரி அவன் விரலுக்கு எழுந்தாள், விழுந்தாள், எழுந்தாள். எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள். ஒருவரும் அழவில்லை. குழந்தைகளுக்கு ஏற்ற படம் ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது. அதை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

திடீரென்று பையன் எழுந்தான். கால் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, அவங்கள எழுப்பி வெச்சிருங்க. நான் ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு ஓடினான். நாத்தனார் பழக்க தோஷத்தில் சேலையை உதறி எழுந்து பின்னாலேயே போனார். அவர் வாசற்படிக்கு வருவதற்குள் பையன் பலா மரத்துக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துவிட்டான். கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிடாமல் நின்றார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் டெக்கைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பையன் தனியாகவே திரும்பி வந்தான். வந்த வேகத்தில் தட்டைத் தாண்டிக் குதித்து உள்ளே போனான்.

அப்போதுதான் நாத்தனார் குனிந்து காலடியைப் பார்த்தார். வெயிலில் வெற்றிலை வாடிப்போயிருந்தது. குனிந்து தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். “யப்பா, இன்னா கனம்” என்று அண்ணன் காதில் விழுகிற மாதிரி ஒரு முறை சொன்னார். உள்ளே சாமி மாடத்துக்குக் கொண்டுபோனவர், நடுவழியில் நின்று, தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, அதில் இருந்த சாமி பட கேசட்டை மட்டும் முந்தானையால் மூடிக்கொண்டார். கறி தின்ற வாய் அல்லவா.