சின்னப்போடியின் மகள் செய்த சில்லு

மகள் யோகமலர் கொழும்பில் சில்லு செய்கிறாள் என்று சின்னப்போடி சொன்னபோது, அவரோடு கடலுக்குப் போகும் அலியாருக்கு நினைவில் வந்தது சைக்கிள் சில்லுதான்; சக்கரத்துக்கு அவர்கள் ஊரில் சில்லு என்றுதான் பேர். "எஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டுச் சில்லா செய்யிறா?" என்று கேட்டார். பாவம், அவர்மேல் பிழையில்லை. அவள் செய்தது உளுந்தை விடச் சிறிய மின்னணுச் சில்லு. மீனவர்கள் கடலுக்குப் போகக் காட்ட வேண்டிய பாஸ் அட்டைக்குள் வைப்பதற்கு. பற்றரி கிடையாது. வாசிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால், அதன் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து, இன்னாருடைய அட்டை என்று சொல்லும்.

சும்மா இலக்கத்தைச் சொன்னால் போதாது என்று யோகமலர் ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் இருந்தது. 2006இல் சண்டையால் கட்டைபறிச்சானிலிருந்து இடம்பெயர்ந்து திருகோணமலைக்கு வந்த பிறகு, சின்னப்போடியின் பாஸை எவனோ அச்சொட்டாகப் பிரதி எடுத்துப் பயன்படுத்திவிட்டான். மாட்டிக்கொண்டவர் சின்னப்போடி. மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். அந்த வயிற்றெரிச்சல் மகளுக்கு ஆறவேயில்லை. ஆகவே கருவி ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி கேட்கும்; சில்லு தன் இரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் புதுப் பதில் சொல்லும். பழைய பதிலைத் திருடியவன் அதை வைத்து நாக்கு வழிக்க வேண்டியதுதான்.

ஆனால் கணினிப் பரிசோதனையில், கணக்கைத் தொடங்கியதும் மின்சாரம் போதாமல் சில்லு செத்துப்போனது. "அடுத்த மாதமும் சரிவராட்டில் இலக்கம் மட்டும் போதும், பிள்ளை," என்றார் கம்பனி மேலாளர் பாக்கியரத்தினம்.

மனம் வெறுத்துப்போய் லீவில் வீட்டுக்கு வந்தாள். பின்னேரம் கரண்ட் நின்றது. சின்னப்போடி சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார். யுத்தத்தில் பற்றரிக்குத் தடையிருந்த கட்டைபறிச்சான் காலத்துப் பழக்கம் அது. இருட்டுகிறதே என்று லைற்றையும் போட்டார். றேடியோ வாயை மூடிக்கொண்டது.

"லைற்றை நிப்பாட்டுங்கோ அப்பா! ரண்டும் ஒண்டாய் ஏலாது. ஒண்டு முடிய மற்றது..."

சின்ன வயதில் தினமும் கத்திய கத்தல்தான். பாதியில் நின்றாள். முழுக் கணக்கையும் ஒரேயடியாகப் போடச் சொல்லியல்லவா அந்தச் சில்லின் உயிரை வாங்கியிருக்கிறாள்! கணக்கைத் துண்டு துண்டாக்கி, ஒன்று முடிந்தபின் மற்றது என்று புதிதாக வரைந்தாள். இந்த முறை சில்லு சாகவில்லை.

அவள் வரைந்தபடி வெளிநாட்டில் செய்த சில்லுகள் வந்து சேர்ந்ததும், பாக்கியரத்தினமே திருகோணமலைக்கு வந்தார். மீன்பிடிச் சங்கத்தில் எல்லார் முன்னாலும் சின்னப்போடியின் அட்டை சொன்ன பதிலைப் பதிந்து, போலி அட்டை ஒன்று செய்து கருவியிடம் நீட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொருதரம் நீட்டினார். சிவப்புத்தான். பிறகு சின்னப்போடி தன் அட்டையை நீட்டினார்.

பச்சை!

யோகமலர் அழுதாள், சிரித்தாள், ரண்டையும் ஒண்டாகவே.

"என்ன சின்னப்போடி, மகள்ட சில்லு ஓடுதா?" என்று அலியார் வாசலில் நின்று கேட்டார்.

"ஓம், ஓடுது! இனி என்ரை பேரை ஒருத்தனும் களவெடுக்க ஏலாது!"