இரண்டு மனைவிகள் வாங்கிய வீடு

நோலீன் கேரிட்டி ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் நகரில் பேருந்து ஓட்டினாள். பத்தொன்பது வருடமாக ஒரே வழித்தடம். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் குடியிருந்த வீடுகளோ பதினொன்று. ஒன்றை உரிமையாளர் விற்றார். ஒன்றில் உரிமையாளரின் மகள் குடிவந்தாள். ஒன்றில் வாடகை ஒரே மூச்சில் எகிறியது. பதினொன்றாவதையும் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த வாரம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து டோஸ்ட் தின்றுகொண்டிருந்தபோது கொரின் வந்தாள்.

கொரின் வேறு யாருமில்லை, நோலீனின் முன்னாள் கணவன் வேட் கட்டிக்கொண்ட இரண்டாவது மனைவி. அவளையும் விட்டுவிட்டு அவன் மேற்கே சுரங்க வேலைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. நோலீனின் மகள் டீகனுக்குப் பதினான்கு வயது, கொரினின் மகள் பிரான்டிக்கு எட்டு. அப்பா ஒருவர் என்பதால் அக்கா தங்கை. சனிக்கிழமைதோறும் சின்னவளைப் பெரியவளிடம் விட்டுவிட்டு கொரின் முதியோர் இல்லச் சமையலறைக்கு வேலைக்குப் போவாள். தாய்மார் இருவரும் வாசலில் நின்று வெயில், மழை பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். அதோடு சரி.

அன்று கொரின் உள்ளே வந்துவிட்டாள்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். நேத்து ஒரு வீடு பார்க்கப் போனேன். எனக்கு முன்னாடி முப்பது பேரு. ஒருத்தி அவ நாயோட போட்டோவை ஃப்ரேம் போட்டுக் கொண்டாந்திருக்கா, நல்ல நாயின்னு வீட்டுக்காரங்ககிட்ட காட்ட!"

கொரின் சிரிக்கவில்லை. அவள் இருந்த ஒற்றை அறைச் சுவரெல்லாம் பூஞ்சை; பிரான்டிக்கு இருமல் நிற்பதில்லை.

"நோலீன், தனித்தனியா உனக்கும் முடியாது, எனக்கும் முடியாது. சேர்ந்து வாங்கினா என்ன?"

"என்ன வாங்க?"

"வீடுதான். வேற என்ன, ரொட்டியா?"

நோலீனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பக்கத்து அறையில் இரண்டு பெண்களும் ஒரே போர்வைக்குள் படுத்து என்னவோ குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

வங்கியில் இருந்த இளைஞன் படிவத்தைப் பார்த்துக் கேட்டான்: "உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"

"ஒரே தப்பை ரெண்டு பேரும் பண்ணினோம்" என்றாள் கொரின். "அவ முதல்ல, நான் அப்புறம்."

அவன் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தான். நோலீன்தான் பொறுமையாக விளக்கினாள். யாராவது ஒருவர் விலகினால் வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வது என்று வக்கீலிடம் எழுதியும் வாங்கிக்கொண்டார்கள்.

ஏழு மாதம் சனிக்கிழமைகள் வீடு பார்ப்பதில் போயின. மூன்று ஏலங்களில் அவர்கள் வாய் திறப்பதற்குள்ளேயே விலை கையை மீறிப் போனது. நான்காவது, போர்ட் கெம்ப்லாவில், இரும்பாலைப் பக்கம் ஒரு பழைய வீடு. ஏலத்தன்று கொட்டோ கொட்டென்று மழை. கூடத்தின் நடுவே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஒவ்வொருவராகக் காருக்குத் திரும்பினார்கள். நோலீன் சமையலறையில் ஒரு வாளி தேடி எடுத்து ஒழுகலுக்கு அடியில் வைத்தாள்.

"இன்னும் நம்ம வீடு ஆகல" என்று கொரின் கிசுகிசுத்தாள்.

"தரை யாரோடதா இருந்தா என்ன, ஊறிப் போகுதுல்ல!"

விலை கேட்டவர்கள் இரண்டே தரப்பு. உரிமையாளர் எதிர்பார்த்த விலை வராமல் ஏலம் நின்றது. அதிகம் கேட்டவள் என்பதால் நோலீனை உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தவள் மழையிலேயே நின்றாள். கொரினின் முகத்தைப் பார்த்தாள். வீடு கிடைத்துவிட்டது என்று தலையை ஆட்டினாள்.

சேர்ந்து வாழ்வது லேசாக இருக்கவில்லை. துவைக்கும் இயந்திரத்துக்குச் சண்டை, வெங்காயம் கருகியதற்குச் சண்டை. ஒரு முறை ஒன்பது நாள் பேசாமல் இருந்தார்கள். பிள்ளைகள்தான் நடுவில் தூது போனார்கள். பிரான்டியின் இருமல் மட்டும் முதல் கோடையிலேயே நின்றுபோனது.

நான்காவது வருடம் கொரினுக்கு நெவில் என்று ஒருவர் பழக்கமானார். முதியோர் இல்லத்துக்கு மீன் கொண்டுவருபவர், மனைவியை இழந்தவர், சொந்தமாக வீடு உள்ளவர். தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறார் என்று கொரின் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். நோலீன் "நல்ல மனுஷன்" என்றாள். மறுநாள் வண்டியை நிலையத்தில் நிறுத்திவிட்டு, கைபேசியில் வாடகை விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவின் கைபேசியைப் பார்த்துவிட்டு கொரினிடம் சொன்னது டீகன்தான். அன்று மாலையே கொரின் நோலீனின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"வாடகை வீடு தேடுறியாமே?"

"நீ போனா விக்கணும்ல. எழுதியிருக்கே."

"யாரு போறா?"

"நெவில்..."

"நெவில் கூப்பிட்டாரு. நான் வரேன்னு சொன்னேனா? நாலு வருஷமா உன் குறட்டையைச் சகிச்சுக்கிட்டது அங்க போய்ப் புதுக் குறட்டை கேக்கறதுக்கா? வேணும்னா அவரு இங்க வந்து டீ குடிக்கட்டும்."

நோலீன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். வேட் விட்டுப் போனபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. கொரின் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கையை வைத்துக்கொண்டு, இருட்டும்வரை அப்படியே இருந்தாள்.

நெவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். மீன் கொண்டுவருகிறார், புல் வெட்டுகிறார், டீ குடிக்கிறார், ஆறு மணிக்குத் தன் வீட்டுக்குப் போகிறார்.