மிச்சமிருந்த கொயினா

கம்பம் தபாலாபீசில் கடித வேலையோடு, சர்க்கார் அனுப்பும் கொயினா மருந்தையும் விற்கிறேன். இன்று ஒரு பெண் பாதிப் பொட்டலத்தை நீட்டினாள். போன வாரம் மகளின் மலேரியாவுக்கு வாங்கியது.

“முழுசையும் கொடுக்கச் சொன்னேனே, ஆத்தா?”

“ரெண்டாம் நாளே காய்ச்சல் விட்டுருச்சுய்யா. ஏலத்தோட்டத்துல எங்க வீட்டுக்காரருக்கும் குளிர்காய்ச்சல். மிச்சத்த அவுகளுக்குன்னு எடுத்து வச்சேன்.”

“பிள்ளை?”

“திரும்பவும் காய்ச்சல் கண்டு, முந்தாநேத்து போயிருச்சு. இத அவுகளுக்கு அனுப்பிருங்க. பிள்ள செத்தத எழுதிராதீக. தெரிஞ்சா மருந்து குடிக்க மாட்டாக.”

‘மகள் சுகம். மருந்தை முழுதும் குடிக்கவும்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மகளுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று அவன் பதில் போடுவான். அந்தத் தாய்க்கு எழுத்து தெரியாது. அன்றைக்கு அதை வாசித்துக்காட்ட உங்களில் யாராவது வருவீர்களா?