இரண்டு பேர் மடித்த விரிப்பு

லண்டனில் எதையும் முதலில் மூடுவார்கள், பிறகுதான் பாதுகாப்பார்கள். அப்டன் பார்க் பக்கத்தில் நான் வேலை செய்த பொதுச் சலவைக்கூடத்துக்கும் அதுதான் நடந்தது. இப்போது அதன் செங்கல் முகப்பைக் கழுவி, ‘பெண்கள் நுழைவாயில்’ என்று கல்லில் செதுக்கிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை தீட்டி, உள்ளே ஒரு கோப்பிக் கடையும் வைத்திருக்கிறார்கள்.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் லண்டனுக்கு வந்தவன் நான். வீட்டில் குளியலறை இல்லாத ஏழைகளுக்காக அந்தக் காலத்தில் கட்டிய கூடம் அது. முன்பக்கம் குளியல் தொட்டிகள், பின்பக்கம் துணி தோய்க்கும் மண்டபம். வெள்ளைக்காரக் கிழவிகள் பழைய குழந்தை வண்டிகளில் அழுக்குத்துணியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஈரத்துணியைப் பிழியும் இயந்திரத்தில் போட்டெடுப்பதும், சூடேற்றிய சுவருக்குள்ளிருந்து இழுக்கும் ஆளுயர இரும்புச் சட்டங்களில் காயப்போடுவதும் என் வேலை. அந்தச் சூட்டில் என் கைத்தோல் உரிந்தது.

‘கவுன்சிலில் வேலை’ என்று வீட்டுக்கு எழுதினேன். கூடத்தை நடத்தும் நகரசபை, அந்தக் கவுன்சில்தானே சம்பளம் தருகிறது, இதில் என்ன பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன்காரன் பிறத்தியாரின் உடுப்புத் தோய்க்கிறான் என்று தெரிந்தால் எங்கள் ஆட்களில் ஒருவரும் வீட்டுப் படி ஏற மாட்டார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சொல்பவர்கள் எங்களோடு விமானத்தில் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பெரிய துணிமூட்டையோடு ஒருவன் வந்தான். ஊரில் எங்கள் வீட்டுக்கு வெளுத்தவரின் மகன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவன். இப்போது பெட்ரோல் ஷெட்டில் வேலை, ஏழு பேரோடு ஒரே வீட்டில் இருப்பு. என்னைக் கண்டதும் சிரித்தான். நான் பார்க்காதது மாதிரிக் குனிந்துகொண்டேன். ஆனாலும் அவனுடைய துணியை நான்தான் பிழிந்து கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு அவன் சனிக்கிழமை தவறாமல் வந்தான். நான் அவனை ‘நீ’ என்றேன், அவன் என்னை ‘நீங்கள்’ என்றான். அப்படிப் பேசச் சொல்லி லண்டனில் எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டில் விரிப்பைத் தனியாளாக மடிக்க நான் படும் பாட்டைப் பார்த்து, அவன் மறுமுனையைப் பிடித்துக்கொள்வான். இருவரும் இழுத்து உதறி, எட்டாக மடிப்போம். அந்த ஐந்து வருடத்தில் என்னோடு சிரித்துப் பேசிய ஒரே ஆள் அவன்தான். ஒருநாள் நான் கேட்டேன்.

“நான் இஞ்ச நிக்கிறதை ஊருக்கு எழுதிப்போடாத. தங்கச்சியின்ர கலியாணம் பேசிக்கொண்டிருக்கினம்.”

“நான் ஏன் எழுதப் போறன்? உங்கட தங்கச்சி எனக்கும் சகோதரம் மாதிரித்தானே.”

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில், ‘சகோதரம்’ என்ற சொல் என்னைக் குத்தியது. நான் அப்படிப்பட்டவன்.

கூடத்தை மூடப் போவதாகப் பேச்சு வந்தது. கிழவிகள் வாசலில் எதிர்ப்பு அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். கவுன்சிலிலிருந்து ஒருவர் கமராவோடு வந்து, நாங்கள் இருவரும் விரிப்பு மடிப்பதைப் படம் எடுத்தார். ஏதோ கோப்பில் போடுவதற்காக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் அம்மாவின் கடிதம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டார்களாம். ‘நீ அங்கே உடுப்புத் தோய்க்கிறாயாம், உண்மையோ மகன்?’ என்று கேட்டிருந்தா.

அந்தச் சனிக்கிழமை அவன் வழக்கம்போல் துணியை ஊறப்போட்டுக்கொண்டு நின்றான். நான் நேரே போனேன்.

“உன்ர சாதிப் புத்தியைக் காட்டிப்போட்டாய் என்ன?”

“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“பிறகு ஆர் சொன்னது? இந்தக் கிழவியளோ?”

அவன் ஊறிய துணிகளை அள்ளி மூட்டையில் திணித்து, நீர் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு போனான். பாஷை தெரியாத கிழவிகளும் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு அவனை நான் காணவில்லை. தங்கைக்கும் வேறொன்றும் சரிவரவில்லை. இன்றும் அம்மாவோடுதான் இருக்கிறாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மனைவியோடு கிரீன் ஸ்ட்ரீட்டுக்குச் சேலை எடுக்கப் போனபோது, கோப்பிக் கடையாகிவிட்ட அந்தக் கூடத்து வாசலில் மழை பிடித்துக்கொண்டது. “உள்ளுக்கை போய் ஒரு தேத்தண்ணி குடிப்பம்” என்றாள். நான் அங்கே வேலை செய்தது அவளுக்குத் தெரியாது. அவளுக்கும் ‘கவுன்சில்’ என்றுதான் சொல்லியிருந்தேன்.

தொட்டிகளை மினுக்கி வைத்திருந்தார்கள். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கவுன்சிலின் இலவசப் பத்திரிகையிலிருந்து ஒரு முழுப் பக்கம். மாதாமாதம் வீடு வீடாகக் கதவு இடுக்கில் போடுவார்களே, அந்தப் பத்திரிகை. நான் ஒருநாளும் பிரிக்காமல் குப்பையில் எறிந்தது. பக்கத்தின் நடுவில் நானும் அவனும், கையில் விரிப்பு. மேலே போட்டிருந்த திகதி, அம்மாவின் கடிதத்துக்கு முந்திய மாதம். விலகிப்போன மாப்பிள்ளையின் சித்தப்பா அப்போது இருந்த வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்.

அவன் சொன்னது உண்மை. பத்து வருடமாக நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மனைவி கண்ணாடிக்குக் கிட்டப் போனாள்.

“இது நீங்களெல்லோ?”

“ஓம்.”

“அப்ப மற்றது ஆர்? உங்கட சிநேகிதரோ?”

மன்னிப்புக் கேட்க அவன் இல்லை. ஆனால் அவனை என் சிநேகிதன் என்று சொல்ல ஒரு தருணம் கிடைத்தது.

“சீச்சீ,” என்றேன். “ஆரோ உடுப்புத் தோய்க்க வந்தவன்.”