காப்புக் கையால் தின்ற கொத்து

என் கால்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மா அவற்றை மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டிருந்தாள். எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் நான் தீ மிதிப்பேன் என்பது நேர்த்தி. தொண்ணூறுகளின் நடுவில் நியமனம் கிடைத்தது. பொகவந்தலாவைக்கு மேலே, எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே.

நான் அப்போது பகுத்தறிவாளன். தணல் மீது வேகமாக நடந்தால் பாதம் ஏன் வேகாது என்பதைப் புத்தகத்தில் படித்து வைத்திருந்தேன். அதை அம்மாவுக்கு விளக்கியும் சொன்னேன்.

"அப்ப பயமில்லாம மிதிக்கலாம்ல?" என்றாள். விஞ்ஞானம் அத்துடன் முடிந்தது.

காப்புக் கட்டிய நாளிலிருந்து திருவிழா முடியும்வரை எங்கள் தோட்டத்துக்குள் மீன், முட்டை, இறைச்சி எதுவும் நுழையாது. தீ மிதிக்கப் போகிறவன் வீட்டில் வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. மிதித்தவன் காலில் கொப்புளம் வந்தால் நெருப்பை யாரும் குறை சொல்வதில்லை. விரதத்தில் கள்ளம் என்று தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தீர்ப்பு ஆளோடு நிற்காது, வீட்டுக்கே ஒட்டும்.

சாதாரண நாளில் அம்மாவின் சமையல் அப்படி இருக்காது. எங்கள் பக்கத்தில் குளிருக்குக் கம்பளியைவிட மிளகாயைத்தான் நம்புவோம். அவள் அரைத்த கூட்டில் கருவாடு வேகும்போது பக்கத்து வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட நாக்கை வைத்துக்கொண்டு எட்டு நாள் பருப்பும் பூசணிக்காயும் தின்றேன். ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. தீமிதி ஞாயிறு. ஏதோ ஒரு படிவம் கொடுக்க ஹட்டனுக்குப் போக வேண்டி வந்தது.

படிவத்தைக் கொடுத்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஒரு சாப்பாட்டுக்கடை வாசல். உள்ளே சூடான இரும்புத் தட்டில் இரண்டு தகடுகள் கொத்துப் போட்டுக்கொண்டிருந்தன. டக்கு டக்கு, டக்கு டக்கு. ரொட்டியும் கோழியும் முட்டையும் பச்சை மிளகாயும் ஒன்றாகிற சத்தம் அது. நான் எந்தத் தீர்மானமும் எடுத்ததாக ஞாபகம் இல்லை. பலகைத் தடுப்புக்குப் பின்னால் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் அடுத்த ஞாபகம்.

சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்புக் கயிற்றை மறைத்தேன். அம்மன் சட்டைக்குள் பார்க்கமாட்டாள் என்று பகுத்தறிவாளனுக்கு நம்பிக்கை. கொத்து வந்தது. குழம்பை மேலே ஊற்றினேன். முதல் வாயிலேயே காது சூடேறியது, மூக்கு ஒழுகியது, கண் நிறைந்தது. எட்டு நாளுக்குப் பிறகு உயிர் வந்தது போலிருந்தது. சட்டைக் கை எப்போது மேலேறியது, கயிறு எப்போது குழம்பில் நனைந்தது, எதுவும் தெரியாது.

கை கழுவ எழுந்தபோதுதான் தடுப்புக்கு அந்தப் பக்கத்து மேசையைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அம்மா பறிக்கும் கொழுந்தை நிறுத்து எழுதுகிறவர், எந்த மலைக்கு யார் போவது என்று தீர்மானிக்கிறவர். அம்மாவின் கண்ணில் மாரியம்மனுக்கு அடுத்த இடம். அவர் மணிக்கட்டிலும் காப்பு. அவரும் ஞாயிற்றுக்கிழமை தீ மிதிக்கிறவர்.

"என்னங்க மாஸ்டர், டீ குடிக்க வந்தீங்களா?" என்றார்.

"ஆமாங்கய்யா. நீங்க?"

"நானும் டீதான்."

அவர் தட்டில் கோழி எலும்புகள் அழகாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"மாஸ்டர், நான் ஒங்கள பாக்கல."

"நானும் ஒங்கள பாக்கலங்கய்யா."

பாராத இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அவர் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் அவர் திரும்பி, நான் யாரிடமாவது பேசுகிறேனா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை முழுக்க என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தணலின் சூட்டைப் பற்றிப் புத்தகத்தில் நிறைய எழுதியிருந்தது. கோழிக் கொத்து தின்றவனின் தோலைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஞாயிறு காலை அம்மா என் கையைப் பிடித்துக் கயிற்றுக்குப் புது மஞ்சள் பூச வந்தாள். பூசப் போன விரல் நின்றது. கயிற்றின் ஒரு பக்கம் சிவந்திருந்தது. சவர்க்காரம் போட்டு நான் எவ்வளவு தேய்த்தும் எண்ணெய் போகவில்லை.

"இது என்னடா?"

"குங்குமம்."

மூக்கருகே கொண்டுபோனாள். "குங்குமத்துல கறுவாப்பட்டை எப்பருந்து போடுறாங்க?"

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க தின்ன?"

"ஹட்டன்ல. அம்மா, கால் சுடாதும்மா. நான் படிச்சிருக்கேன், வேகமா நடந்தா..."

"ஒன் படிப்பு எனக்குத் தெரியும். ஆத்தாவுக்குத் தெரியாது." கயிற்றை அவிழ்த்தாள். "நீ எறங்க வேணாம்."

"அப்ப நேர்த்தி?"

"வாக்கு குடுத்தது நான். நானே எறங்குறேன்."

கெஞ்சினேன். அதட்டினேன். நான் சொன்ன விஞ்ஞானத்தையே இப்போது தலைகீழாகச் சொல்லி, நெருப்பு எவ்வளவு ஆபத்தானது என்று விளக்கினேன். அவள் பூசாரியிடம் போய், பையனுக்குக் காய்ச்சல், விரதம் நானும்தான் இருந்தேன், எனக்குக் கட்டிவிடுங்கள் என்று காப்பை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று பின்னேரம் தீக்குழிக்குப் பக்கத்தில் சுவெட்டரும் மப்ளரும் போட்டுக்கொண்டு காய்ச்சல்காரனாக நின்றேன். உண்மையிலேயே நடுங்கியதால் நடிப்பு தேவைப்படவில்லை. தணல் மண்வெட்டியால் பரப்பப்பட்டிருந்தது. பத்தடி தள்ளி நின்ற என் முகமே காந்தியது.

முதலில் கணக்கப்பிள்ளை இறங்கினார். மலையில் கொழுந்து பார்க்கப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்து அக்கரை ஏறினார். பாதம் பளிச்சென்று இருந்தது. குலவைச் சத்தம் கிளம்பியது, ஒருவர் மாலையே போட்டார். கோழி அவருக்குள் பேசாமல் கிடந்தது.

நான்காவதாக அம்மா. அவளுக்கு முன்னால் இறங்கியவருக்கு நடுக்குழியில் அருள் வந்துவிட்டது. நின்று ஆடத் தொடங்கினார். பின்னால் வந்த அம்மா தணலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று எனக்குள் யாரோ எண்ணினார்கள். புத்தகம் சொன்ன வேகம் அந்த இடத்தில் செத்தது. "தள்ளுங்கய்யா! அவர தள்ளுங்க!" என்று கத்தினேன். உடுக்குச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. யாரோ அவரை இழுத்தார்கள். அம்மா வந்து சேர்ந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது வலது காலைக் கொஞ்சம் மெதுவாக வைத்தாள்.

காலையில் அந்தக் காலில் நெல்லிக்காய் அளவில் இரண்டு கொப்புளங்கள். திருவிழா முடிந்த மறுநாள் என்பதால் வேலை இல்லை. "ஒண்ணுமில்ல, போ" என்று சொல்லிவிட்டு நொண்டியபடி தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். வாளியைப் பிடுங்க நான் பின்னால் ஓடினேன். அதற்குள் அங்கே தீர்ப்பு தயாராக இருந்தது.

"வெரதத்துல வாயில என்னத்தயோ போட்டிருக்கா," என்றாள் பக்கத்து லயத்து வரிசையில் குடியிருக்கும் அக்கா ஒருத்தி, அம்மாவின் காதுக்கு எட்டும்படி.

"மகன் சம்பளக்காரன் ஆனா வாய் கேக்குமுல்ல," என்றாள் இன்னொருத்தி.

பத்து நாளாக ஒருவேளைச் சோறு தின்ற அம்மா, குனிந்து வாளியைப் பீலிக்கடியில் வைத்தாள். அவள் பேசமாட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பேசாவிட்டால் இந்தப் பழி அவள் பெயரிலேயே இருந்துவிடும்.

"அம்மா ஒண்ணும் தின்னலக்கா. நான்தான் தின்னேன். ஹட்டன்ல. கோழிக் கொத்து. முட்டை போட்டு."

முட்டையை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. முதலில் பேசிய அக்கா குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஒத்தையிலயா போன?"

மேல் பாதையில் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். ஏதோ வேலையாகப் போனவர், காது மட்டும் எங்கள் பக்கம். மாலை போட்ட கழுத்து அசையவில்லை.

"ஒத்தையிலதான்க்கா," என்றேன்.

பாவம் மகனுடையது, பெற்றவள் காலில் இறங்கிவிட்டது என்று தீர்ப்பு திருத்தி எழுதப்பட்டது. அம்மாவின் வாய் சுத்தமாயிற்று. நான் அந்த வருடம் முழுக்க கொத்து மாஸ்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தாள். "ஏன்டா சொன்ன? என்னய ஒரு வாரம் பேசுவாங்க. ஒன்னய ஆயுசுக்கும் பேசுவாங்களே!" அழுதாளா, மிளகாய் நெடியா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அன்று எல்லா வீட்டிலும் கோழி வெந்தது. எங்கள் வீட்டில் மட்டும் ரசம். பத்து மணி போல வாசலில் கணக்கப்பிள்ளை. கையில் ஒரு சேவல், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவரை முறைத்தது.

"கால் ஆறட்டும்னு... சாறு வச்சுக் குடிங்க," என்றார்.

இருபது வருடமாக அம்மாவை "ஏய், இந்தா" என்று கூப்பிட்டவர். அம்மா சேவலைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். பிறகு என்னை. நான் அம்மியில் ஏற்கெனவே அரைத்திருந்த எதையோ மறுபடி அரைத்தேன்.

"ஒங்க காலு எப்படிங்கய்யா?"

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்க."

"ஒண்ணும் ஆகலையா?" என்றாள். "நல்லதுங்க. மத்தியானம் வந்து எங்க வீட்லயே சாப்புடுங்க."

தொழிலாளர்களின் லயத்து வீட்டில் கணக்கப்பிள்ளைகள் கை நனைப்பதில்லை. அன்று அவர் மறுக்கவில்லை.

அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் அரைத்தேன். காய்ந்த மிளகாய் அரைத்தேன், மிளகு அரைத்தேன். போதுமா என்றதற்கு, இன்னும் பத்து போடு என்றாள். விரல் எரிந்தது. குழம்பு கொதித்தபோது பக்கத்து வீட்டில் மூன்று பேர் தும்மினார்கள்.

கணக்கப்பிள்ளை முதல் கவளத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். நெற்றி மினுங்கியது, காது சிவந்தது. நான் எதிரில் அதே குழம்போடு அதே நிலையில். அம்மா அகப்பையோடு நடுவில்.

"எரியுதுங்களா?"

"இல்லைங்க. நல்லாருக்குங்க."

"அப்ப இன்னும் கொஞ்சம்." அவருக்கு ஊற்றினாள். கேட்காமலே எனக்கும் ஊற்றினாள்.

செம்பு நிறையத் தண்ணீர் அவள் பக்கத்தில்தான் இருந்தது. சட்டி காலியாகும்வரை எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.