ஆறு பழைய கம்ப்யூட்டரும் ஒரு பொய்க் கலவையும்

ஓலைக் கொட்டகையில் இருநூறு கோழிகளோடு ஆரம்பித்தவன் நான். மூன்று போர்வெல் வறண்டு போய், நாலாவதில் தண்ணீர் பார்த்தேன். எருமப்பட்டிப் பக்கம் சொந்தமாகத் தீவன மில் போட எவனும் யோசிக்காத காலத்தில், கரண்டு இணைப்புக்காக ஒரு வருசம் அலைந்து மில் போட்டேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் மில் ஆபீசில் ஆறு கம்ப்யூட்டர் வாங்கி வைத்த முதல் ஆள் எங்கள் பக்கத்தில் நான்தான். "இவனுக்கெதுக்கு இது?" என்று சிரித்தவர்கள், வந்து பார்த்துவிட்டுப் போய்த் தாங்களும் வாங்கினார்கள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மறந்துவிட்டது என்று சொல்லக் கூடாது.

அந்த ஆறும் ஒன்றாகக் கிழடு தட்டின. சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு ஷெட்டைச் சுற்றி வந்தாலும் திரை முழுசாகத் திறந்திருக்காது. விற்றவரைக் கூப்பிட்டேன். தொட்டுக்கூடப் பார்க்காமல், "இதுக்கெல்லாம் இனி கம்பெனி சாப்ட்வேர் வராதுங்க. ஆறையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்றார். தொட்டுப் பார்க்காமல் நோய் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. கோழி டாக்டரே ஆனாலும் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

என் மருமகள் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள். "ஏனுங் மாமா, மிசினு நல்லாத்தான் இருக்குது. லினக்ஸ்னு ஒரு சாப்ட்வேரு இருக்குதுங்க. அதப் போட்டா இன்னும் அஞ்சாறு வருசம் ஓடும். காசே வேண்டாமுங்க" என்றாள்.

காசே வேண்டாம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

"ஆருது அது, அம்மிணி?"

"ஆருதும் இல்லீங் மாமா. ஊரு உலகத்துல இருக்கறவங்க சேந்து எழுதறாங்க. ஆரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், திருத்திக்கலாம்."

"சும்மா எழுதிக் குடுக்கறதுக்கு அவங்களுக்கென்ன வேண்டுதலா?"

அந்தக் கம்ப்யூட்டரில் என் கலவை இருந்தது. மக்காச்சோளம் எத்தனை, சோயாப் புண்ணாக்கு எத்தனை, கிளிஞ்சல் எத்தனை என்று, கோழியின் எச்சத்தையும் முட்டை ஓட்டையும் பார்த்துப் பார்த்து நான் பிடித்த அளவு. அது வெளியே போய்விட்டால் அப்புறம் எனக்கு மில் எதற்கு? ரோட்டுக்கு அந்தப் பக்கம் மில் வைத்திருக்கிறவர், என் தீவனச் சாக்கு கிழிந்து சிந்தினால்கூட ஆளனுப்பி அள்ளிப் பார்க்கிறவர்.

மருமகள் புதுசை ஏற்றிய மூன்று நாளும் அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இண்டர்நெட் ஒயரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "அதக் குடுத்தாத்தானுங்க வேலையே நடக்கும். உங்க கலவை ஒண்ணும் வெளிய போயிராதுங்க. பாம்பையா புடிச்சு வெச்சிருக்கறீங்க?" என்றாள். கொடுத்தேன். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

ஆறும் ஓடின. சுவிட்சைப் போட்டு டீ டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் திறந்துகொண்டன. அதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது. சும்மா வந்த பொருள் இவ்வளவு நன்றாக ஓடக் கூடாது.

அதனால் ஒரு பொறி வைத்தேன். யாருக்கும் சொல்லாமல், கம்ப்யூட்டரில் இருந்த கலவையில் கிளிஞ்சலைப் பாதியாகக் குறைத்துத் தட்டிவிட்டேன். கிளிஞ்சல் குறைந்தால் முட்டை ஓடு மெலியும். என் கலவையை எவனாவது களவாண்டால் அவன் பண்ணையில் தோல்முட்டை விழும், ஆள் யாரென்று தெரிந்துபோகும். என் மில்லுக்கு ஆபத்தில்லை என்று நினைத்தேன். பிரிண்டர் செத்து இரண்டு வருசமாயிற்று. அன்றிலிருந்து தினமும் காலையில் மிக்சர் பக்கத்தில் நின்று, கலவை போடுகிறவர் காதில் நானேதான் அளவைச் சொல்வேன்.

மறுநாள் பரமத்தி வேலூரில் பங்காளி வீட்டில் துக்கம். "நேத்துப் போட்டதையே போடப்பா" என்று கலவைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனேன். காரியமெல்லாம் முடிந்து ஐந்து நாள் கழித்துத் திரும்பினேன். வழியில், எதிர் மில்காரர் பண்ணை முட்டை விற்கிற கடையில் நாலு முட்டை வாங்கித் தட்டிப் பார்த்தேன். கல்லாட்டம் இருந்தது. என் பண்ணைக்குள் நுழைந்தால், முட்டை அடுக்குகிற அம்மா அட்டையை என் முகத்துக்கு நேராகத் தூக்கினார். அடியெல்லாம் மஞ்சள் ஒழுகியிருந்தது.

"இதென்னங்க முட்டையா, நொங்கா? தொட்டா வெரலு உள்ள போகுது!"

கலவைக்காரரைப் பிடித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கம்ப்யூட்டரில் அடித்த கலவை.

"இது ஏது?"

"பிரிண்டர் ஓடுதுங்களே. புது சாப்ட்வேர் போட்டதும் உசுரு வந்துருச்சுங்க. அம்மிணிதான் எடுத்துக் குடுத்தாங்க."

"நான் வாயில சொல்லிட்டுத்தானப்பா போனேன்?"

"காயிதம் இருந்தா வாய்ப்பேச்சு செல்லாதுன்னு மில்லு போட்டன்னைக்கே நீங்கதானுங்களே சொன்னீங்க?"

சொன்னேன். அது என் மில்லின் சட்டம். செத்த பிரிண்டரையும் இந்த லினக்ஸ் எழுப்பும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மருமகளிடம் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "ஊருத் திருடனுக்கு வெச்ச பொறியில நம்ம கோழியப் புடிச்சிட்டீங்களே மாமா!" கலவையை அன்றே சரி செய்தோம். ஓடு கெட்டிப்பட ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது அவள், பழைய கம்ப்யூட்டர்களை இப்படி ஓட்டுவது எப்படி என்று பண்ணைக்காரர்களுக்காகத் தமிழில் எழுதி எல்லாருக்கும் சும்மா கொடுக்கப் போகிறாள். வாழப்பாடியிலிருந்து ஒருத்தர் இப்போதே வந்து கேட்டுவிட்டுப் போனார். கடைசிப் பக்கத்தில் உதவியவர்கள் பட்டியல் இருக்கிறது. எழுத்துப் பிழை திருத்தியவரையும் சேர்ப்பது இவர்கள் வழக்கமாம். படிக்கச் சொல்லிக் கேட்டேன். படம் பிடித்துக் கொடுத்தவர் இருக்கிறார். கலவைக்காரர்கூட இருக்கிறார். நான் இல்லை.

"நீங்க என்னங் மாமா பண்ணுனீங்க? ஒயரப் புடுங்குனீங்க" என்கிறாள்.

சரி, எழுத்திலேயே கேட்கிறேன். அந்த ஆறையும் வாங்கியவன் நான். தூக்கிப் போடச் சொன்னபோது போடாதவன் நான். கலவை வெளியே போகாது என்று அவள் வாயால்தான் சொன்னாள். உள்ளே பொய்க் கலவையை விட்டு, என் முட்டை உடைந்து, எதிராளி முட்டையைத் தட்டிப் பார்த்து அதை நிரூபித்தவன் நான். எழுதிக் கொடுத்தவர்களுக்கு இதில் என்ன லாபம் என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை, அது வேறு. பட்டியலில் 'சோதித்துப் பார்த்தவர்' என்று போட்டு என் பெயரைச் சேர்க்க வேண்டும். கலவைக்காரர் பெயருக்கு மேலே.