ஒரு கோட்டு, நாலு மாப்பிள்ளைகள்: கொழும்பைப் பார்க்கப் பருத்தித்துறை போன கதை

பழைய கொழும்பைப் பார்க்கப் பருத்தித்துறைக்குப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இவளுக்கு என்ன விசர் என்று என் அலுவலகத்திலும் கேட்டார்கள். ஆனால் விஷயம் இதுதான். ஒரு காலத்தில் கொழும்பில் வேலை பார்த்த எங்களூர் இளைஞர்கள் நகரத்தைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கொழும்பு இன்றைக்கும் யாழ்ப்பாணத்து அலுமாரிகளில்தான் இருக்கிறது.

எனக்குப் பழைய நகரப் படங்கள் என்றால் பைத்தியம். இந்தத் தடவை இன்னொரு காரணமும் இருந்தது. ஆவணி கடைசியில் அம்மா அப்பாவின் ஐம்பதாவது திருமண நாள். என்ன வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். கலியாணம் பேசும்போது வந்த அப்பாவின் படம் வேண்டும் என்றார். அது எங்கள் மருதனார்மடத்து வீட்டோடு, தொண்ணூற்றைந்து யுத்த இடப்பெயர்வில் போய்விட்டது. இளவயது அப்பாவின் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. அதை எடுத்தவர் அப்பாவின் அறைத்தோழர் சாமுவேல் மாமா. இப்போது பருத்தித்துறையில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டபோது, "அல்பம் கிடக்குது பிள்ளை, கொப்பர் அதிலை இருக்கிறாரோ தெரியாது. வந்து பாரும்," என்றார்.

முதல்நாள் பகல் ரயிலில் யாழ்ப்பாணம் வந்து தங்கிவிட்டு, காலை 8.10க்கு 750ஆம் இலக்க பஸ் எடுத்தேன். முப்பத்துமூன்று கிலோமீட்டர் தூரம், நூற்று அறுபது ரூபாய். இடப்பக்க யன்னல் கிடைத்தது. கோப்பாயில் வாழைத்தோட்டங்கள் வரும், பிறகு வல்லை வெளியில் காற்று ஆளைத் தூக்கும். தலையைப் பின்னிக்கொண்டு போங்கள், நான் பின்னாமல் போய்ப் பேயாக இறங்கினேன். 9.35க்குப் பருத்தித்துறை. அங்கிருந்து ஓட்டோவில் ஒன்றரைக் கிலோமீட்டர், இருநூறு ரூபாய். "சாமுவேல் மாஸ்டர் வீடோ? அண்ணை இப்ப எழும்பிக் கோப்பி குடிச்சிருப்பார்," என்றார் சாரதி. முகவரியை நான் எடுக்கவேயில்லை.

மாமாவுக்கு எண்பது வயது, பனை உயரம். தேத்தண்ணியும் தட்டை வடையும் வந்தன. பிறகு அல்பம் வந்தது. நான் அப்பாவைத் தேடிப் பின்பக்கம் தட்டப் போனேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதையும். முதல் கோட்டைக்குப் போவம்."

அல்பத்திலேயே போனோம். மணிக்கூட்டுக் கோபுரம், புறக்கோட்டைச் சந்தி, சிவப்பு இரண்டு தட்டு பஸ், வெள்ளைச் சப்பாத்துப் போட்ட பொலிஸ்காரர். நான் தினமும் வியர்த்து வடிந்து கடக்கும் சந்தியை ஒரு மாடு ஆறுதலாகக் கடந்துகொண்டிருந்தது. ஒரு படத்தின் ஓரத்தில் கடலை விற்பவர் வேலையை மறந்து கமராவையே பார்க்கிறார். இந்த ஓரத்து மனிதர்களுக்காகத்தான் நான் பழைய படங்களைப் பார்ப்பது. கட்டடத்தை எடுக்கப்போனவரிடம் தெரியாமல் அகப்பட்டுக்கொண்டவர்கள். ஒரு மணித்தியாலம் போனது தெரியவில்லை. வந்த வேலையையே மறந்துவிட்டேன்.

கடைசிக்கு முதல் பக்கத்தில் நாலு படங்கள். காலிமுகத்திடல், பின்னால் கடல், ஒரு கறுப்புக் கார். காரில் சாய்ந்தபடி நாலு இளைஞர்கள், படத்துக்கு ஒருவர். மூன்றாவது ஆள் அப்பா! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் தம்பியின் அதே பல்லு, அதே சிரிப்பு. கோட்டின் கை மட்டும் விரல் நுனிவரை மூடியிருந்தது.

பிறகுதான் கவனித்தேன். நாலு பேருக்கும் ஒரே கோட்டு.

"மாமா, இது ஆரின்ரை கோட்டு?"

"என்ரை. அண்ணையின்ரை கலியாணத்துக்குத் தைச்சது. மாப்பிள்ளைப் படத்துக்குக் கோட்டு வேணுமெல்லோ? ஆளுக்கு ரெண்டு பிரதி. ஒண்டு புரோக்கருக்கு, மற்றது எனக்கு."

"அப்ப கார்?"

"ஆருக்குத் தெரியும்? கார்க்காரன் கடலை வாங்கப் போனவன். அவன் திரும்பி வாறதுக்குள்ளை நாலு பேரையும் எடுத்துப்போட்டம்!"

சாமுவேல் மாமாவின் படத்தை எடுத்தவர் அப்பாவாம். அதில் மாமாவின் தலை நெற்றியோடு வெட்டுப்பட்டிருந்தது.

அப்பாவுக்குப் படத்தை அனுப்பினேன். உடனே அழைத்தார். படம் நல்லாயிருக்குது என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "கோட்டுக் கதை தெரிஞ்சிட்டுதோ? அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. அம்பது வருசமா என்ரை கோட்டு எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

இப்படி யாராவது தேடிப் போவதென்றால்: ஒட்டிய படங்களைக் கிளப்பாதீர்கள், பின்பக்கம் கிழிந்துவிடும். யன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், நேர் மேலே நின்று எடுங்கள். வீட்டுக்காரர் சொல்லும் கதையையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். வெளியே போடுமுன் அவர்களிடம் கேளுங்கள். அரை நாள் போதும் என்று நினைக்காதீர்கள், நான் திரும்பியது மாலை 4.20 பஸ்ஸில்.

திருமண நாளன்று படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"உந்தக் கோட்டு சாமுவேல் அண்ணையின்ரையெல்லே?" என்றார்.

அப்பா என்னை முறைத்தார். நான் வாயே திறக்கவில்லை என்று தலையாட்டினேன்.

"அவள் சொல்லேல்லை. கலியாணம் பேசேக்கை எங்கடை வீட்டுக்கு ரெண்டு படம் வந்தது. மற்றது உங்கடை அறையிலை இருந்த கோப்பாய்க்காரர். அதே கோட்டு, அதே கார். இரவலெண்டு அப்பவே தெரிஞ்சுது. கலியாணத்துக்குச் சாமுவேல் அண்ணை பனை உயரத்திலை வந்து நிக்கேக்கை அது ஆருக்கு அளவெண்டு விளங்கீட்டுது."

"அப்ப ஏன் என்னைப் பிடிச்சது?" அப்பா உண்மையாகவே கேட்டார்.

அம்மா சட்டத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "கோப்பாய்க்காரர் கோட்டைப் போட்டுக்கொண்டு விறைச்சுப்போய் நிண்டார். உங்களுக்கு விரல்கூடத் தெரியேல்லை, எண்டாலும் வாயெல்லாம் பல்லு. இரவல் கோட்டோடை இப்பிடிச் சிரிக்கிறவர், ஒண்டுமில்லாத வீட்டிலையும் சிரிப்பார் எண்டுதான் நான் ஓம் சொன்னனான்."